விஸ்லர் பனியில் ஓட்டிப் பார்த்து ஒன்டாரியோவுக்கு ஸ்கீ வாங்கலாமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. ஸ்கார்பரோவில் இருக்கிறீர்கள், ஐந்து சீசனாக ஒன்டாரியோவின் ப்ளூ மவுண்டனில் சறுக்குகிறீர்கள். கையில் இருப்பது இடுப்பு (நடுப்பகுதியின் அகலம்) 76 மில்லிமீட்டர் உள்ள பழைய ஸ்கீ. மார்ச்சில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் விஸ்லர் மலைக்குப் போகிறீர்கள், அப்போது அங்கே ஒரு டெமோ நாள் வருகிறது. பல கம்பெனிகள் கூடாரம் போட்டுத் தரும் ஆல்-மவுண்டன் ஸ்கீக்களை, அதாவது எல்லாவிதப் பனிக்கும் என்று செய்தவற்றை, ஓட்டிப் பார்க்கலாம். எதை எடுப்பது, எப்படி ஒப்பிடுவது, எது சிறந்தது?

'எது சிறந்தது' என்பதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாது. ஏன் என்பதற்கு என் வீட்டு கராஜில் ஒரு சாட்சி தொங்குகிறது. இடுப்பு 106 மில்லிமீட்டர், நீளம் 184 சென்டிமீட்டர். மேற்கே ஒரு மலையில், ராத்திரி முழுக்கப் பனி கொட்டி விடிந்த காலையில் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி இருந்தது. இரண்டு ரன்தான், அன்றைக்கே கார்டைத் தேய்த்துவிட்டேன். அடுத்த ஜனவரியில் அதைப் போட்டுக்கொண்டு ஒன்டாரியோவின் கெட்டிப் பனியில் முதல் திருப்பத்தில் சாய்ந்தபோது, கண்ணாடி மேஜைமேல் தட்டு வழுக்குவது போல ஸ்கீ பக்கவாட்டில் போனது. மத்தியானத்துக்குள் இரண்டு முழங்காலும் உள்பக்கம் வலிக்க ஆரம்பித்தன. ஸ்கீயின் மேல் குற்றமே இல்லை. புடவைக் கடை விளக்கில் பார்த்த நிறத்தை நம்பி, வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்காமல் வாங்கினவன் நான்.

ஆகவே டெமோ நாளில் நீங்கள் ஓட்டிப் பார்ப்பது பாதி ஸ்கீ, பாதி அன்றைய பனி. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் அன்றைய வேலை.

முதலில் இடுப்பு விஷயம். ஸ்கீயை மேலிருந்து பார்த்தால் உடுக்கை மாதிரி இருக்கும். முனையும் வாலும் அகலம், நடுவில் ஒடுங்கல். அந்த ஒடுங்கலின் அகலத்தைத்தான் இடுப்பு என்கிறோம். சாதாரண ஆல்பைன் பூட்ஸின் அடிப்பாகம் முன்பக்கத்தில் சுமார் 69 மில்லிமீட்டர் அகலம். 76 ஸ்கீயில் இரும்பு விளிம்பு பூட்ஸுக்கு வெளியே மூன்றரை மில்லிமீட்டர்தான் நீட்டிக்கொண்டிருக்கும், கிட்டத்தட்ட காலுக்கு நேர் கீழே. 106 ஸ்கீயில் அது ஒவ்வொரு பக்கமும் பதினெட்டு மில்லிமீட்டருக்கு மேல் வெளியே போய்விடுகிறது. கெட்டிப் பனியில் அந்த விளிம்பைச் சாய்த்துப் பிடித்து வைக்க வேண்டிய நெம்புகோல் உங்கள் முழங்கால். மென்பனியில் ஸ்கீயே பனிக்குள் கொஞ்சம் அமிழ்ந்துவிடுவதால் இந்தக் கணக்கு உறைக்காது. எனக்கு அன்றைக்கு உறைக்காமல் போனது அதனால்தான்.

விஸ்லர் பசிபிக் கடலுக்குப் பக்கம். அங்கே விழுவது ஈரப்பதம் மிகுந்த கனமான பனி. கிராமம் கிட்டத்தட்ட 675 மீட்டர் உயரத்தில்; விஸ்லர் மலையின் உச்சி 2,182 மீட்டர். மேலே பனி கொட்டும்போது கீழே மழை பெய்வது அங்கே சர்வ சாதாரணம். மார்ச்சில் ஒரே நாளில், ஒரே ஓட்டத்தில்கூட, மேலே காய்ந்த பனி, நடுவில் இறுகின பனி, அடியில் கூழ் என்று மூன்றையும் பார்ப்பீர்கள். ப்ளூ மவுண்டன் வேறு உலகம். மொத்த இறக்கமே 220 மீட்டர். இயந்திரத்தில் செய்த பனிதான் அடிப்படை, ஜனவரியில் ஒரு மழை பெய்து மறுபடி உறைந்தால் அப்புறம் கேட்கவே வேண்டாம். வருஷத்தில் இருபது நாள் சறுக்கினால் எத்தனை நாள் எந்தப் பனியில் என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். பதினேழு நாள் ஒன்டாரியோ என்று வந்தால், மீதி மூன்று நாளுக்காக அகல ஸ்கீ வாங்காதீர்கள். விஸ்லரில் பவுடர் (புதிய மென்பனி) விழுந்த அன்றைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

என் கணிப்பில் நீங்கள் தேட வேண்டியது 84-லிருந்து 90 வரை. அதில்தான் டெமோ நாளை முழுசாகச் செலவிடுவேன். 76-லிருந்து வருகிறவருக்கு 88 என்பதே நல்ல மாற்றமாகத் தெரியும்.

இப்போது ஒப்பிடும் முறை. பெரும்பாலானவர்கள் கூடாரம் கூடாரமாகப் போய், காலியாக இருப்பதை எடுப்பார்கள். ஒன்று 104, அடுத்தது 86. ஒன்று 180 நீளம், அடுத்தது 172. ஒன்றை உச்சியிலிருந்து ஓட்டுவார்கள், இன்னொன்றைக் கீழ்ச் சரிவில். சாயங்காலம் 'இது பிடித்தது' என்பார்கள். ஏன் பிடித்தது என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இடுப்பு ஒன்றாக இருக்கட்டும், கட்டுமானம் மாறட்டும். அது முடிந்ததும் ஒரே குடும்பத்தில் இடுப்பு மட்டும் மாறட்டும்.

இதற்கு 88 மிக வசதியான எண். வோல்க்ல் கெண்டோ 88, எலான் ரிப்ஸ்டிக் 88, பிளிஸார்டின் பிராமா 88 மூன்றும் இடுப்பில் ஒன்று, உள்ளே மூன்று வேறு சிந்தனைகள். (பிராமாவின் இடத்துக்கு 2024-25 சீசனில் அனாமலி 88 வந்துவிட்டது. பெயர் இப்படி மாறிக்கொண்டே இருக்கும், எண்ணைப் பாருங்கள்.) கெண்டோவில் உலோகத் தகடு முழுசாகப் போர்த்தப்படாமல் ஓரங்களில் சட்டம் போல ஓடுகிறது. அதன் பக்க வளைவிலும் மூன்று ஆரங்கள்; நடுவில் சின்னது, முனையிலும் வாலிலும் பெரியது. லேசாகச் சாய்த்தால் நீண்ட திருப்பம், அழுத்திச் சாய்த்தால் சட்டென்று குறுகின திருப்பம். பிராமா மரக்கட்டையின் மேலும் கீழும் உலோகத் தகடு வைத்த வம்சம். வேகமாகப் போகப் போக அமைதியாகும், மெதுவாகப் போனால் கொஞ்சம் மந்தமாகத் தெரியும். ரிப்ஸ்டிக்கில் முழு உலோகத் தகடே கிடையாது, கார்பன் குழாய்கள்தான் பலம். எடை குறைவு, மரங்களுக்கு நடுவிலும் மொகல் மேடுகளிலும் காலைத் திருப்பினால் கூடவே வரும். அதற்கு இடது கால், வலது கால் என்று தனித்தனி உண்டு. உள் விளிம்பு பிடிப்புக்கும் வெளி விளிம்பு எளிதாகத் திரும்புவதற்கும் செய்தது. ஸ்கீயின் மேலேயே குறி இருக்கும். மாற்றிப் போட்டுக்கொண்டு ஓட்டிவிட்டுக் குறை சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றையும் ஓட்டினால் உலோகம் உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும். பாதி முடிவு அங்கேயே முடிந்தது. உங்கள் எடையைச் சொல்லவில்லை. அறுபது கிலோ சொச்சம் என்றால், இரண்டு தகடு வைத்த ஸ்கீயை வளைக்க உங்கள் எடை போதாமல் போகலாம். வளையாத ஸ்கீ திரும்பாது. எண்பத்தைந்து கிலோ என்றால், இலகுவான ஸ்கீ வேகத்தில் படபடவென்று அடித்துக்கொள்வதை நீங்களே உணர்வீர்கள்.

கூடாரத்தில் 'டைட்டானியம் போட்டது' என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டு தலையாட்டுங்கள். அந்தத் தகட்டின் பெயர் டைட்டனால். ஆஸ்திரியாவின் அமாக் கம்பெனி செய்யும் அலுமினியக் கலவை. துத்தநாகம், மெக்னீசியம், செம்பு சேர்ந்தது. டைட்டானியம் பெயரில்தான் இருக்கிறது.

அடுத்து ராக்கர். பழைய ஸ்கீயைத் தரையில் வைத்தால் கவிழ்த்து வைத்த வில் மாதிரி நடுப்பகுதி தூக்கி நிற்கும், அது கேம்பர். ராக்கர் அதற்கு எதிர். முனை சீக்கிரமே மேல்நோக்கி வளைய ஆரம்பித்துவிடும். 2000களின் தொடக்கத்தில் ஷேன் மெக்காங்கி யோசித்து வோலன்ட் கம்பெனி செய்த ஸ்பாட்யூலா, முழு ஸ்கீயையும் இப்படித் தலைகீழாக வளைத்தது. ஆழ்ந்த பனியில் தண்ணீர்ச் சறுக்குப் பலகை போல மிதக்க வேண்டும் என்பது யோசனை. அதன் சாயல் இன்று எல்லா ஆல்-மவுண்டன் ஸ்கீயின் முனையிலும் கொஞ்சம் உண்டு. எவ்வளவு என்று தெரிய, கூடாரத்தில் ஜோடியை அடிப்பாகத்தோடு அடிப்பாகம் சேர்த்து நிறுத்திக் கையால் அழுத்துங்கள். முனையிலிருந்து எங்கே வந்து இரண்டும் ஒட்டுகின்றனவோ, கெட்டிப் பனியில் அங்கிருந்துதான் உங்கள் விளிம்பு வேலை செய்யும். 180 சென்டிமீட்டர் ஸ்கீயில் முன்னால் ஒரு முழம் சும்மா ஆடிக்கொண்டிருக்கலாம். ப்ளூ மவுண்டனுக்கு அந்தச் சும்மா நீளம் குறைவாக இருப்பது நல்லது. நீளத்தைப் பற்றியும் ஒரு சொல்: எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி அளப்பதில்லை. சிலர் முனையிலிருந்து வாலுக்கு நேராக, சிலர் வளைவோடு சேர்த்து. 180 என்று எழுதின இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் விரல் அகலம் வித்தியாசம் தெரியும்.

இனி யாரும் பேசாத விஷயம், ஆனால் டெமோ நாளைப் பாழாக்குவதில் முதலிடம்: ஸ்கீயின் அடிப்பாகமும் விளிம்பும். ஒரே ஜோடி, காலையிலிருந்து ஏழெட்டுப் பேர் ஓட்டியிருப்பார்கள். அதில் ஒருவர் பாறைமேல் ஏற்றியிருந்தால், நீங்கள் ஓட்டுவது அந்தப் பாறையைத்தான். ஒரு வருஷம் எல்லோரும் புகழ்ந்த ஒரு ஸ்கீயை நான் எடுத்தேன். திருப்பத்துக்குள் போகவே மறுத்தது, போனால் வெளியே வர மறுத்தது. தண்டவாளத்தில் ஏறின மாதிரி. கீழே வந்து அடிப்பாகத்தின் மேல் ஒரு நேரான உலோக ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தோம். இரண்டு ஓரமும் ஸ்கேலைத் தொட்டன, நடுவில் ஒளிக்கீற்று. அடிப்பாகம் குழிந்து விளிம்புகள் உயர்ந்து நின்றிருக்கின்றன. அதே மாடலின் வேறொரு ஜோடியை மத்தியானம் ஓட்டினேன். அது வேறு ஸ்கீ.

எடுக்கும்போதே அரை நிமிஷம் செலவழியுங்கள். கையுறையைக் கழற்றி, விரல் நகத்தின் மேல்பக்கத்தை விளிம்புக்குக் குறுக்கே லேசாக இழுங்கள். நகத்திலிருந்து மெல்லிய வெள்ளைத் தூள் சுரண்டி வந்தால் கூர் இருக்கிறது. வெறுமனே வழுக்கினால் மழுங்கிவிட்டது. முனை, காலுக்கு அடியில், வால் என்று மூன்று இடத்திலும் பாருங்கள். விரலின் சதையால் மட்டும் நீளவாக்கில் தடவாதீர்கள், அறுத்துவிடும். சொரசொரப்பு தட்டினால் கல்லில் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள். 'நல்லா இருக்குமா?' என்று அவர்களைக் கேட்டுப் பயனில்லை. 'கடைசியாக எப்போது விளிம்பு தீட்டினீர்கள், என்ன கோணம்?' என்று கேளுங்கள். அடியில் 1 டிகிரி, பக்கத்தில் 2 டிகிரி என்பது மாதிரி பதில் வரும். ஒரு கூடாரத்தில் பக்கம் 3 டிகிரி, இன்னொன்றில் 1 டிகிரி என்றால் கெட்டிப் பனியில் பிடிப்பு மாறும். அதை ஸ்கீயின் குணமாகக் கணக்கு எழுதிவிடக் கூடாது.

இதே காரணத்தால், உங்கள் பழைய ஸ்கீயை விட முதலில் எடுக்கும் எந்த டெமோ ஸ்கீயும் தேவலோகத்து ஸ்கீ மாதிரிதான் இருக்கும். புது மெழுகு, புதுக் கூர். பயணத்துக்கு முன்னால் உங்கள் 76-ஐக் கடையில் கொடுத்துத் தீட்டி மெழுகு போட்டு எடுத்துப் போங்கள். கூடுதல் பை தூக்க வேண்டும்தான். ஆனால் அளவுகோல் இல்லாமல் எதை எதோடு ஒப்பிடுவீர்கள்? காலையில் முதல் ஓட்டம் அதில். சாயங்காலம் கடைசி ஓட்டமும் அதில். காலைக்கும் மாலைக்கும் அதே ஸ்கீ எவ்வளவு வேறாகத் தெரிகிறதோ, அவ்வளவு பனியும் உங்கள் காலும் மாறியிருக்கின்றன என்று அர்த்தம்.

பைண்டிங் பற்றி, அதாவது பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைத்து விழும்போது விடுவிக்கும் பூட்டு. கூடாரத்தில் எடை, உயரம், வயது, எப்படிச் சறுக்குவீர்கள், பூட்ஸ் அடி நீளம் எவ்வளவு என்று கேட்பார்கள். அடி நீளம் பூட்ஸின் குதிகால் பக்கத்தில் 315 மி.மீ. என்பது போல அச்சாகியிருக்கும், முதல்நாளே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரிப்வாக் அடியா (நடக்க வசதியாக வளைந்தது) பழைய தட்டை அடியா என்பதையும் சொல்லுங்கள், எல்லா பைண்டிங்கும் இரண்டுக்கும் பொருந்தாது. எடையிலும் திறமையிலும் பொய் வேண்டாம். 'எக்ஸ்பர்ட்' என்று வீரம் பேசினால் விழும்போது பைண்டிங் கழலாது, கால்தான் கழலும். டெமோ பைண்டிங் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும் வகை. முந்தின ஆளின் பூட்ஸுக்கு வைத்த இடத்திலேயே உங்களையும் ஏற்றிவிட்டால், நீங்கள் ஒரு சென்டிமீட்டர் பின்னால் நிற்பீர்கள். பூட்ஸின் பக்கத்தில் நடுக் கோடு இருக்கும், ஸ்கீயின் மேலும் ஒரு கோடு. இரண்டும் நேராக வருகிறதா என்று குனிந்து பாருங்கள். இந்த பைண்டிங்குகள் கனமும் உயரமும் கொஞ்சம் கூடுதல். நீங்கள் வாங்கிப் பொருத்தும்போது ஸ்கீ இன்னும் சற்று இலகுவாகத்தான் தெரியும்.

ஓட்டும் பாதை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். 2010 குளிர்கால ஒலிம்பிக்கில் ஆண்கள் டவுன்ஹில் நடந்த டேவ் மரே பாதை விஸ்லரில் இருக்கிறது, ஆசைக்கு ஒருமுறை போங்கள். ஒப்பிட அது வேண்டாம், ரொம்ப நீளம். நாலு தடவை போனால் தொடை செத்துவிடும். எமரால்ட் லிஃப்ட் மாதிரி, ஏறினால் சில நிமிஷத்தில் மேலே விடும் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே நாலு குறுகின திருப்பம் மெதுவாக. நடுவில் அகலமான இடத்தில் நாலு பெரிய திருப்பம், விளிம்பில் சாய்ந்து. பாதையின் ஓரத்தில் கலைந்து குவிந்த பனிக்குள் வேண்டுமென்றே ஒரு முப்பது மீட்டர். கடைசியில் கெட்டியான இடம் பார்த்துப் பக்கவாட்டில் வழுக்கி, சட்டென்று பிடித்து நிறுத்துங்கள். ஒன்டாரியோவுக்காக வாங்குகிறவருக்கு அந்தக் கடைசி ஐந்து விநாடிதான் முக்கியம். உங்கள் பனிக்கு மிக நெருக்கமான பனி விஸ்லரில் காலை ஒன்பது மணிக்குக் கிடைக்கும், ராத்திரி உறைந்து வெயில் படாமல் இருக்கும்போது. ஆகவே உண்மையாக வாங்க நினைக்கும் மூன்றையும் காலையிலேயே ஓட்டிவிடுங்கள். பதினொரு மணிக்கு மேல் எல்லா ஸ்கீயும் நன்றாகத்தான் இருக்கும்.

லிஃப்டில் உட்கார்ந்ததும், நண்பர்களோடு பேசும் முன், போனில் உங்கள் குரலிலேயே இரண்டு வாக்கியம் பதிவு செய்யுங்கள். பத்துக்கு எட்டு என்று மார்க் போடாதீர்கள். நாலாவது ஸ்கீக்கு வரும்போது முதல் எட்டு எந்த எட்டு என்று மறந்துவிடும். 'கெட்டியில் வால் நழுவியது, குறுகின திருப்பத்தில் நான் நினைக்கும் முன்னே திரும்பியது' என்பது மாதிரி. ஐந்து ஸ்கீக்கு மேல் எடுக்க வேண்டாம். கால் ஓய்ந்தபின் நல்ல ஸ்கீயும் கெட்ட ஸ்கீயாகிவிடும்.

மத்தியானம் ஆசைக்கு ஓட்டுங்கள். ஒரே குடும்பத்தில் அகலம் மாற்றிப் பார்க்க அதுதான் நேரம்: ரிப்ஸ்டிக் 88-க்குப் பிறகு 96, அல்லது நார்டிகா என்ஃபோர்ஸரில் 89-க்குப் பிறகு 99. கலைந்த மென்பனியில் அகலமானது எப்படி உழுதுகொண்டு போகிறது என்று பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். அந்த சந்தோஷத்தோடு கார்டை எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. மார்ச்சில் கூடாரங்களில் இருப்பது பெரும்பாலும் அடுத்த சீசனின் மாடல். பல சமயம் மாறியிருப்பது மேல் படம் மட்டும்தான். உள்ளே அதே கட்டுமானம் என்றால், நடப்பு சீசனின் ஜோடி ஏப்ரலில் கடைகளில் தள்ளுபடிக்கு வரும். எது மாறியது, எது மாறவில்லை என்று கூடாரத்தில் இருப்பவர்களைக் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். பூட்ஸ் காலுக்குள் தளர்வாக ஆடுகிறது என்றால் இதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு அந்தப் பணத்தில் பூட்ஸ் வாங்குங்கள்.

அப்புறம், ஸ்கீயைக் கொடுக்கும்போது கூடாரத்தில் லைசென்ஸையோ கிரெடிட் கார்டையோ வாங்கி வைத்துக்கொள்வார்கள். கார்டைக் கொடுங்கள், லைசென்ஸ் வேண்டாம். என் லைசென்ஸ் ஒரு கூடாரத்தின் டப்பாவில் இருக்கிறது என்பது வான்கூவர் விமான நிலையத்தில் போர்டிங் வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கு நினைவு வந்தது.